மூன்றாவது கோடு

யெல்ட்யாவுக்கு நாற்காலி ஆகாது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த நாள் முதல் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள், நின்றுகொண்டேதான் தட்டச்சு செய்வாள். பார்க்கிற எனக்குக் கால் வலிக்கும்.

செல்லின் கொழுப்புத் தோலில் பதிந்திருக்கும் இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன என்று காட்டுவது அவள் வேலை. தோலைச் சோப்புக் கரைசலில் கரைத்து, ஒன்றை மட்டும் காந்த மணிகளால் இழுத்தால் மற்றதும் கூட வர வேண்டும். சோப்பு காரமாக இருந்தால் பிடி விட்டுப்போகும். அதனால் சாதுவான சோப்பாகப் போட்டாள். படத்தில் புரதத்துக்கு ஒன்றாக இரண்டு கறுப்புக் கோடுகள் ஜோடியாக வந்தன. கட்டுரை தயார். அது வெளியே போனால்தான் அவளுக்கு வேலை நீளும், இல்லையென்றால் மார்ச்சோடு சரி.

எங்கள் ஊரில் நல்ல செய்தி யாருக்கோ அவர்தான் கேக் வாங்கி வர வேண்டும். அன்று ஆப்பிள் கேக் மேசையில் காத்திருந்தது. அவளோ படமெடுக்கும் கருவிக்கும் ஜன்னலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

"வெட்டும்மா தாயே, பசி உயிர் போகுது," என்றான் பக்கத்து மேசை வீபெ.

"இருடா. மூணாவதா ஒண்ணத் தேடிப் பாக்குறேன். இதுங்களுக்குச் சம்பந்தமே இல்லாத புரதம். அது வரக்கூடாது."

"சொந்தக் காசுலயே சூனியம் வெச்சுக்கிறியே! எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"தோல் சரியாக் கரையலன்னா? துண்டு துண்டா அப்படியே வந்திருக்கும். ஒரே பஸ்ல வந்து எறங்குனவங்கள எல்லாம் சொந்தக்காரங்கன்னு சொன்ன கதையாயிடும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. சும்மா இருக்க மாட்டாளா இவள்?

திரையில் படம் தெளிந்தது. மூன்றாவது கோடு, கன்னங்கரேலென்று.

பேராசிரியர் ஹிட்டெ கையில் முள்கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"கட்டுரைய அனுப்பாதீங்க, ஹிட்டெ," என்றாள் அவளே.

"அது இல்லாம உன் வேலைக்கு நான் எதைக் காட்டிக் கேக்குறது?"

"தெரியும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். தன் துண்டை ஒரு துணுக்கு விடாமல் தின்றாள். நான்தான் என் துண்டை வீபெயின் தட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

தட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

"மார்ச்சு வரைக்கும் இருக்கேன்ல? இதைவிடக் கொஞ்சம் காரமான சோப்பு எங்கப்பா இருக்கு?"