அம்மா போய்ப் பார்க்காத மோட்டார்

சனிக்கிழமை காலை, மையத்துச் சமையலறையில் நானும் அம்மாவும் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். மதியம் ஏழைகளுக்குச் சூப் ஊற்றும் நாள். நான் தோல் சீவினேன், அம்மா துண்டு போட்டாள். பாதியில் கத்தியை நிறுத்தினாள்.

“தண்ணியில்லாம மோட்டார் ஓடினா எவ்வளவு நேரம் தாங்கும்?”

“கிணத்து மோட்டாரா?”

“ஆமா.”

“கொஞ்ச நேரம். அப்புறம் சீல் போயிடும். விட்டா உள்ள இருக்கிற காயில் கம்பி எரிஞ்சிடும்.”

“பல வருஷமா ஓடுதுங்கிறாரே.”

“யாரு?”

“அந்த மோட்டார் வீட்டுக்காரர்.”

“பொய் சொல்றார்.”

“பொய் சொல்ற ஆள் இல்லடி. உடம்ப விட்டது மட்டும் அவருக்கு இன்னும் தெரியல.”

சொல்லிவிட்டு அடுத்த பூசணியை எடுத்தாள். மறுநாள் காலை காபி வடிகட்டிக்கொண்டிருந்தபோது இறந்துபோனாள். இதயம். காபி முழுவதும் வடிந்திருந்தது.

ஆவிகளோடு பேசும் அந்த மையத்தில் ‘இறந்தார்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘உடலை விட்டார்’ என்பார்கள். பிரேசிலில் எங்கள் ஊரான உபெராபாவில் இப்படிப் பேசுகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். நான் அவர்களில் ஒருத்தி அல்ல. பம்ப் நிலையங்களில் மின்சாரப் பராமரிப்பு வேலை. மையத்துக்குப் போவது பூசணி சீவவும் பல்பு மாற்றவும்தான். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்து நீல பல்பு நான் மாட்டியது.

அம்மாவின் பெயர் அல்சீரா. குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலில் உட்கார்ந்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள். வாழ்க்கை முழுக்க அவளிடம் வந்தவர்கள் எல்லோரும் கோபமாகத்தான் வந்தார்கள். ஓய்வு பெற்றபின் மையத்தில் அவளுக்குக் கொடுத்த வேலையும் ஏறக்குறைய அதுதான். மீடியம் ஒருவரின் வாய் வழியாக ஆவி பேசும். பெரும்பாலும் குழப்பத்தில் இருக்கும், திட்டும், வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கும். எதிரே உட்கார்ந்து அதனோடு பேசி, நிலைமையைப் புரியவைத்து, வழியனுப்ப ஒருவர் வேண்டும். அது அம்மா.

அவளுக்கு ஒரே ஒரு உத்தி உண்டு. நீ செத்துவிட்டாய் என்று நேராகச் சொல்லமாட்டாள். பெயர் கேட்பாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பாள். பிறகு, “கையக் கொஞ்சம் பாரு தம்பி. இது உன் கையா?” என்பாள். மீடியம் இயேதா நகம் அலங்கரிக்கும் கடை வைத்திருப்பவள். அவள் கையில் எப்போதும் சிவப்பு நகச்சாயம் இருக்கும். செத்துப்போன லாரி ஓட்டுநர்களும் கசாப்புக்காரர்களும் குனிந்து அந்த நகங்களைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் சொன்னபடி கேட்பார்கள்.

ஆவி பேசும்போதும் இயேதாவுக்கு நினைவு தப்பாது. தன் வாயில் வருவது தனக்கே கேட்கும். அது இன்னொருவர் நினைப்பு தன் நினைப்புக்குள் நுழைவது போல என்று எனக்கு ஒருமுறை விளக்கினாள். “கெட்ட வார்த்தை வந்தா பாதிய முழுங்கிடுவேன். என் வாய்தானே.” மீடியம் என்பது ரேடியோ மாதிரி என்று மையத்தில் யாராவது என்னிடம் சொல்லாத வாரம் இல்லை. ரேடியோ எதையும் முழுங்காது என்று நானும் சொல்லாத வாரம் இல்லை.

அம்மா சொன்ன அந்த மோட்டார் வீட்டுக்காரர் பெலார்மீனுவிடம் மட்டும் அந்த நக உத்தி பலிக்கவில்லை. நகத்தைப் பார்த்து, “என் மக விளையாட்டு” என்று சொல்லிவிட்டார். வாராவாரம் வருவார். மோட்டார் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், நிறுத்தவேண்டும், பேச நேரமில்லை என்பார். கடைசியில் அம்மா வாதாடுவதை விட்டுவிட்டாள். செங்கல் சூளைக்குப் பின்னால், அடிமரத்திலேயே பழம் காய்க்கும் ஜபுட்டிகாபா மரம் இருக்கும் வீடு என்று அடையாளம் கேட்டுக்கொண்டு, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். மையத்துத் தலைவர் வால்டோமீருவுக்கு இது பிடிக்கவில்லை. ஆவி சொல்லும் விலாசத்துக்கு ஆள் அனுப்புவது வழக்கத்தில் இல்லை என்றார்.

“புகார்னா நேர்ல போய்ப் பார்க்கணும் அண்ணே. ஜன்னல்ல உட்கார்ந்து எதுவும் தீர்ந்ததா சரித்திரம் இல்ல,” என்றாளாம் அம்மா. திங்கட்கிழமை பஸ்ஸில் போவதாக இருந்தாள்.

அடக்கம் முடிந்த கையோடு நான் வால்டோமீருவிடம் கேட்டேன். அவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். எதையும் வாயைத் திற என்பதுபோலவே சொல்வார்.

“அம்மா பேசுவாங்களா?”

“இப்ப கேக்கக் கூடாது சிமோனி. அவங்களுக்கு ஓய்வு வேணும். ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கவங்கள எழுப்பி, எப்படி இருக்கீங்கன்னு கேப்பியா?”

“கேப்பேன்.”

“கேக்காதே. நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவங்களுக்கு அங்க கால் ஊணாது. வர்றதா இருந்தா அவங்களா வருவாங்க.”

இதில் நம்பிக்கையே இல்லாத எனக்கு இது ஏன் கோபத்தை உண்டாக்கியது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் வடிகட்டித் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டும். எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அந்த வாரச் செவ்வாய்க் கூட்டம் முடிந்த மறுநாள் வால்டோமீரு என் வேலையிடத்துக்கே வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

“பெலார்மீனு வந்தாரு. போய்ப் பார்த்தாச்சான்னு கேட்டாரு. நான் பேசினேன். மோட்டார் எத்தனை ஹெச்பின்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. நான் என்னத்த சொல்றது?”

“இயேதாவுக்கு ஹெச்பி பத்தித் தெரியுமா?”

“அவளுக்கு நகம் காயவைக்கிற டிரையர் பத்தித்தான் தெரியும். அடுத்த செவ்வாய் நீ வா. அம்மாவத் தேடி இல்ல. டெக்னிக்கல் விஷயமா.”

போனேன். அன்று இறைச்சி சாப்பிடக் கூடாது என்றார்கள், சாப்பிடவில்லை. வெள்ளைத் துணி விரித்த மேசை, ஆசி இறங்க மூடி திறந்து வைத்த தண்ணீர் பாட்டில்கள், என் பல்பு. ஜெபம் முடிந்தது. இயேதா கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் இரண்டு கைகளையும் மேசைத் துணியில் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். குரல் அவளுடையதுதான். தோரணை மட்டும் வேறு.

“அந்தம்மா எங்க? போய்ப் பார்த்தாங்களா?”

வால்டோமீரு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“நான் அவங்க பொண்ணு,” என்றேன். “மோட்டார் வேலைதான் பார்க்கிறேன். என்ன மோட்டார்?”

“ஒரு ஹெச்பி. சிங்கிள் ஃபேஸ். நல்ல மோட்டார்மா. பக்கத்து வீட்டுக்காரன் அரை ஹெச்பி போதும்னான். அவன் பேச்சக் கேட்டிருந்தா ரெண்டாவது மாடிக்குத் தண்ணி ஏறியிருக்குமா?”

“ஏறியிருக்காது.”

“அதச் சொல்லு இவங்ககிட்ட. வாராவாரம் கையப் பாரு, கையப் பாருங்கிறாங்க.”

“ஏன் கையத் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க?”

“ஈரமா இருக்கில்ல. செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தேன். இரும்புப் பெட்டியில ஸ்விட்ச், நிறுத்தலாம்னு போனேன்.”

“கால்ல செருப்பு இருந்ததா?”

“தோட்டத்துல எவன் செருப்பு போடுவான்?”

ஈரக் கை, வெறுங்கால், இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்ச். ஷாக் அடித்துச் செத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மேசையில் இவ்வளவு காலமாக அந்தக் கையைத் துடைக்கும் பழக்கத்தை இயேதாவின் பதற்றம் என்றே நினைத்திருந்தார்கள். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. விபத்து நடந்த இடத்தில் அடிபட்டவரிடமே விளக்கம் சொல்ல எங்களுக்குப் பயிற்சி இல்லை.

“உங்கம்மா வரலியா?” என்றார் பெலார்மீனு மறுபடி.

மையத்து வார்த்தை எனக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

“அம்மா செத்துட்டாங்க,” என்றேன். “போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு.”

வால்டோமீரு கண்ணை மூடிக்கொண்டார்.

இயேதாவின் கைகள் துடைப்பதை நிறுத்தின.

“அடடா,” என்றார் பெலார்மீனு. “நல்ல மனுஷியாச்சே. எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னாங்க, அவங்க ஒருத்திதான் போய்ப் பார்க்கிறேன்னாங்க. கஷ்டப்பட்டாங்களா?”

“இல்ல. காபி போட்டுக்கிட்டிருந்தாங்க.”

“குடிச்சாங்களா?”

“இல்ல.”

“அதான் வருத்தம். நீ சாப்பிடுறியாம்மா? ஒழுங்கா சாப்பிடு. எங்கம்மா போனப்ப நான் ரொட்டியத் தொடவே இல்ல, இளைச்சு எலும்பாயிட்டேன்.”

இந்த ஒன்பது நாளாக எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் ஒளியில் இருக்கிறாள், ஓய்வில் இருக்கிறாள் என்றார்கள். அவள் காபி குடித்தாளா என்று யாரும் கேட்கவில்லை. நான் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நனைந்தது. வால்டோமீரு தன் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார்.

“அவங்கள ஒரு தடவ நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்,” என்றார் பெலார்மீனு. “எங்க இருக்காங்கன்னு விசாரிச்சுக்கிட்டுப் போயிடுவேன். ஆனா இந்த மோட்டார் ஓடிக்கிட்டிருக்கே, எப்படிப் போறது?”

“நான் நிறுத்திட்டு வரேன்,” என்றேன். “நிறுத்திட்டா போவீங்களா?”

“இங்க எனக்கு வேற என்ன வேலை?”

“அம்மாவப் பார்த்தா, நான்...” என்று ஆரம்பித்தேன். “காபி வடிஞ்சிருந்துதுன்னு சொல்லுங்க. நான் அடுப்ப அணைச்சிட்டேன்னு.”

“சொல்றேன். நீ முதல்ல மோட்டாரப் பாரு.”

சனிக்கிழமை சூப்புக்குத் தனியாகப் பூசணி நறுக்கிக் கொடுத்துவிட்டு, கருவிப் பையோடு செங்கல் சூளைக்குப் பின்னால் போனேன். ஜபுட்டிகாபா மரம் இருந்தது. அடிமரம் முழுக்கக் கறுப்பாகப் பழம். ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

“கிணத்து மோட்டாரப் பார்க்கணும்.”

“இங்க ஏது மோட்டார்? நாங்க வீடு வாங்கும்போதே கிணத்த மூடியாச்சு. தெருக் குழாய்தான்.”

“புகார் வந்திருந்தது.”

“எப்ப?”

“கொஞ்சம் பழசு.”

என் கருவிப் பையைப் பார்த்தாள், உள்ளே விட்டாள். பின்பக்கம் கிணற்றின் மேல் சிமென்ட் பலகை. அதன் மேல் பூந்தொட்டிகள். மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட் துருப்பிடித்து நின்றன. சுவரில் இரும்புப் பெட்டி மட்டும் இருந்தது. மூடியைத் திறந்தேன். ஒயரை அடியோடு வெட்டியிருந்தார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மின்சாரம் இல்லை. ஸ்விட்ச் மட்டும் ‘ஓடு’ பக்கத்திலேயே நின்றது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன். ஸ்விட்ச் இறுகியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி மறுபக்கம் தள்ளினேன்.

“நின்னுடுச்சா?” என்றாள் அந்தப் பெண், வாசல்படியிலிருந்து.

“நின்னுடுச்சு,” என்றேன்.