கரண்ட் போகாத வாரம்

2008 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கலைமகள் தண்டாயுதபாணியின் பனியன் கம்பெனியை விட்டு வெளியேறினாள். கையில் டிபன் கேரியரும், கீபோர்டை மூடி வைக்கும் பூப்போட்ட துணியும் இருந்தன. நான்கு வருடம் அந்தக் கம்பெனியின் வெப்சைட்டைத் தனி ஆளாகக் கவனித்தவள். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியான நான் அதற்கு மறுவாரம் ஒரு வேலையாக லடாக் கிளம்பினேன்.

பனியன் வாங்கும் ஜெர்மனிக்கார பையர்கள் சாம்பிள் படங்களை அந்த வெப்சைட்டில் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். படங்களைச் சிறிதாக்க, யாரோ இலவசமாகக் கொடுத்த எக்ஸ்டென்ஷன் என்ற துணை புரோகிராம் ஒன்றை, வெப்சைட்டை ஓட்டும் பிஎச்பியோடு அவள் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த மெமரியில் கொஞ்சத்தை அது திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது. இது யாருக்கும் தெரியவில்லை. அந்த வருடம் தினமும் கரண்ட் போனது. வெப்சைட் இருந்த ஆபீஸ் சர்வர் அணைந்து எழும்போதெல்லாம் மெமரி காலியானது.

ஆயுத பூஜைக்கு முதலாளி யுபிஎஸ்ஸோடு புது ஜெனரேட்டர் வாங்கிச் சந்தனம் தெளித்தார். அதன்பின் சர்வர் அணையவே இல்லை. ஆறாம் நாள், பையர் படம் பார்க்கும் நேரத்தில், அது உறைந்து நின்றது. ஆர்டர் கைவிட்டுப் போனது. முந்தின நாள்தான் கலைமகள் ஒரு பக்கத்தைத் திருத்தியிருந்தாள். பழி அதன்மேல் விழுந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து தேடினாள். பிஎச்பி காட்டிய கணக்கில் மெமரிச் செலவு ஏறவில்லை. சர்வர் காட்டிய கணக்கில் ஏறிக்கொண்டே போனது. எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு ஓட்டினால் ஏறவில்லை. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"என் தப்பு இல்லீங்க. கரண்ட் போய்ப் போய் வந்ததாலதானுங்க இத்தன நாளும் ஓடுச்சு."

அவர் தாளைத் தொடவில்லை. "ஏங்கண்ணு, நிக்காம கரண்ட் குடுத்தா உம்பட சாமானுக்கு ஆகாதா? ஜெனரேட்டர வித்துப்போடட்டுமா?"

ஆபீஸே சிரித்தது.

"சரி பண்ற வரைக்கும் தினம் ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனாப் போதுமுங்க."

"அதுக்கு வாட்ச்மேன் இருக்கறானே. நீ எதுக்கு?"

போவதற்கு முன், எக்ஸ்டென்ஷனை எழுதியவர்களுக்கு எல்லா விவரத்தையும் அனுப்பினாள். கம்பெனி மெயில் இனி திறக்காது என்பதால் என் முகவரியைக் கொடுத்தாள். 'எங்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று ஒரு வரி பதில் வந்தது.

திருப்பூரில் வேலைக்கு எடுக்குமுன் பழைய முதலாளிக்கு ஒரு போன் போடுவார்கள். அந்தப் போன் மூன்று கம்பெனிகளில் அவளை வாசலோடு திருப்பி அனுப்பியது. பழைய கம்பெனிக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்த ஆட்கள் தினமும் காலை ஆறு மணிக்கு சர்வர் தானாக அணைந்து எழும்படி செய்துவிட்டுப் போனார்கள். முதலாளி அவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றார்.

சில மாதம் கழித்து ஊர் திரும்பி நான் பார்த்தபோது அவள் இன்னொரு கம்பெனியில் பீஸ் செக்கிங்கில் நின்றுகொண்டிருந்தாள். துணியில் ஓட்டை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை.

"இங்க சொன்னா நம்பறாங்க" என்றாள்.

2010 மார்கழியில் எக்ஸ்டென்ஷனை எழுதியவர்களிடமிருந்து என் மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. பிரிண்ட் எடுத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் சொன்னது சரி. பிழை எங்களுடையது. இப்போது திருத்திவிட்டோம். உங்கள் சர்வரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா?"