குளத்து வண்டலில் முளைத்த காடு

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், இப்போது கார்கள் நிற்கும் மனையில் இன்று மழை வாசனை கிளம்பியதும், முன்பு அங்கே இருந்த காடு மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து ஆற்றுமணலில் புல்லே திணறும். தூர்வாரிய குளத்து வண்டலைக் கொட்டிய எங்கள் மனையிலோ, அடேயப்பா, ஒவ்வொரு மழைக்கும் வேம்பும் புங்கமும் நுணாவும் முண்டியடித்துக்கொண்டு எகிறும், நானும் தங்கையும் கூடவே குதிப்போம்.

தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் அப்பாவுக்கு மழைதான் எதிரி. "மழ வேணாம்னு சாமிய வேண்டிக்கினு இருக்கேன், நீங்க ஆடிக்கினு இருக்கீங்களா?" என்று கத்துவார்.

ஒரு வருஷம் மழையே இல்லை. பாவு நன்றாகக் காய்ந்தது, காடு துவண்டது. ஒரு சாயங்காலம் ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா மிச்சக் கஞ்சித் தண்ணீரைச் செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நான் வேண்டிக்கினதாலதானேமா மழ வர்ல" என்றார்.