தொடரில் வந்த புருஷன்

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து உள்ளே அனுப்புகிற வேலை. லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியோடும் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று ஒரு சான்றிதழ் வரும். அதை நம்பினால் நான் எதற்கு? எல்லாப் பெட்டியும் பளபளவென்று இருந்தால்தான் நான் இன்னொரு தடவை திறந்து பார்ப்பேன். இந்தப் புத்தியைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரக்கூடாதா என்று என் மனைவி கேட்பாள். அடையாள அட்டையைக் கழற்றலாம், புத்தியை எந்த ஆணியில் மாட்டுவது?

அவளுக்குத் துணி எடுக்கப் பிடிக்கும். பிடிக்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் ஆடித் தள்ளுபடி என்பது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற கஷ்டம். அவள் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தளிக்காரி, தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவாள். நாங்கள் குடியிருக்கும் மூக்கண்டப்பள்ளியிலிருந்து கர்நாடக எல்லை எட்டிப் பிடிக்கிற தூரம். அந்தப் பக்கத்துப் பஞ்சாங்கத்தில் ஆஷாட மாதம் நம் ஆடிக்கு முன்னாலேயே பிறந்துவிடும். முதலில் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் சந்தாபுராவிலும் ஆஷாடத் தள்ளுபடி. அது ஓய்கிற நேரத்தில் ஓசூரில் ஆடித் தள்ளுபடி. எல்லையோரத்துப் பெண்களுக்கு இரண்டு பஞ்சாங்கங்களும் கூடிப் பேசிச் செய்துகொடுத்த வசதி இது.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி பஸ்ஸில் அந்தத் தொடர்கதை வந்து சேர்ந்தது. போனில் கதை படிக்கிற ஒரு செயலியில் வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். எழுதுகிறவர் யாரென்று தெரியாது, ஏதோ ஒரு புனைபெயர், படத்துக்குப் பதில் ஒரு பூ. பெயின்ட் பிரிவில் வேலை செய்கிற ஒரு நண்பர் அதைப் பஸ்ஸில் எல்லாருக்கும் சத்தம் போட்டு வாசிப்பார். நல்ல தொண்டை, என்ஜின் சத்தத்தையும் மீறிக் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்.

கதைநாயகி ஓர் ஊதாரி. தள்ளுபடியில் எவ்வளவுக்கு எவ்வளவு வாங்குகிறாளோ அவ்வளவுக்கு அவ்வளவு மிச்சம் பிடித்ததாகக் கணக்குச் சொல்வாள். வாஷிங் மெஷினே இல்லாத வீட்டுக்கு அதன் உறையை வாங்கி வருவாள், மெஷின் வாங்கும்போது உறை விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்பாள். புதுச் சேலையைப் புருஷன் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் கொடியில் காயப்போடுவாள். "இதுவா? போன வருஷமே எடுத்தது. நீங்க இன்னும் பாக்கவே இல்லையா?" என்பாள். கவனிக்காமல் போனோமே என்று அந்த அப்பாவி அன்று முழுக்க அவளிடம் குழைவான். பஸ் விழுந்து விழுந்து சிரிக்கும், நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நாயகி ஆஷாடத் தள்ளுபடிக்குப் போனாள். அடுத்த வாரம் ஆடித் தள்ளுபடிக்குப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. மெட்ராஸிலோ மதுரையிலோ உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது எப்படித் தோன்றும்? எழுதுகிற ஆள் இங்கேதான் இருக்கிறார். வீட்டுக்குப் போனதும் மொட்டைமாடிக் கொடியைப் பார்த்தேன். ஒரு மயில்கழுத்து நிறச் சேலை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் புருஷனும் கடைக்கு வந்துவிட்டான். எதை எடுத்துக் காட்டினாலும் அவன் ஒன்றைத்தான் சொல்வான்: "கலர் சரியில்லையே." நீலத்தைக் காட்டினாலும் அதே, பச்சையைக் காட்டினாலும் அதே. கடைசியில் கடைக்காரர் பொறுமையிழந்து, "சார், பில்லாவது பாருங்க, அது வெள்ளை" என்கிறார். பஸ்ஸே ஆடியது. அன்றிலிருந்து கேன்டீன் சாம்பாருக்கும் கலர் சரியில்லை, மேனேஜர் சட்டைக்கும் கலர் சரியில்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. அது என் வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து எல்லாக் கடையிலும் நான் சொல்லி வருகிற வார்த்தை. அதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் ஒருத்திதான்.

பஸ் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சோறு போடுகிறவள் என்னைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்து ஊர் சிரிக்க எழுதுகிறாளா என்பதுதான் என்னை அரித்தது. அப்படியென்றால் இத்தனை வருஷமும் அந்த வீட்டில் நான் யார்? கோமாளியா? கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன், சோதித்தேன். அவள் குளிக்கப் போனால் பீரோவைத் திறந்து எந்தச் சேலையில் கடை வாசம் அடிக்கிறது என்று மோந்து பார்த்தேன். நான் உள்ளே வந்தால் அவள் போனைக் கவிழ்த்து வைப்பது புதிதாகக் கண்ணில் பட்டது. ஒருநாள் சம்பந்தமில்லாமல், "உங்க கம்பெனில ஆம்பளைங்க பொண்டாட்டிங்களப் பத்திப் பேசிக்குவீங்களா?" என்று கேட்டாள். தகவல் சேகரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் விடவில்லை.

"புதுச் சேலைய நனைச்சுக் காயப்போடுறது உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"என்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முன்பெல்லாம் கடையிலிருந்து வந்தால் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, எந்தச் சேலையை எவளோடு போட்டிபோட்டுப் பிடுங்கினாள் என்று கதை சொல்வாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்பேன், ஆனால் கேட்பேன். இப்போது பையைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறவள்தான் இப்படி இருப்பாள் என்று அதையும் சாட்சிகளோடு சேர்த்துக்கொண்டேன். வீட்டில் மிக்ஸி சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் போனது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கிற ஆள் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று பார்க்க, நல்ல பாகங்களுக்கு நடுவே ஒரு கெட்டதை அடையாளம் வைத்துக் கலந்துவிடுவார்கள். அது பிடிபடுகிறதா, தப்பி அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுகிறதா என்று பார்ப்பார்கள். அதையே வீட்டில் செய்யத் தீர்மானித்தேன். அவளிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டியது, வெள்ளிக்கிழமை அது தொடரில் வருகிறதா என்று பார்க்க வேண்டியது. சின்ன வயதில் எனக்கு ரோஸ் கலர் என்றால் உயிர், ரோஸ் சட்டை கேட்டு அழுது ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன் என்று ஒரு பொய்யைத் தயார் செய்தேன். இதைவிட நல்ல தீனி எந்தத் தொடருக்கும் கிடைக்காது.

அன்று நடந்ததை அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓசூருக்கே உரிய நசநசத் தூறல். காய்ந்தும் காயாமலும் இருந்த துணிகளைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, "சின்ன வயசுல ஒரு சட்டை" என்று ஆரம்பித்தேன். ரோஸ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வேறெங்கோ போய்விட்டது.

ஒரு தீபாவளிக்கு அப்பா என்னை ஜவுளிக்கடைக்குக் கூட்டிப் போனார். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை. கடைக்காரர் போட்டே விட்டுவிட்டார், நான் பொத்தான் எல்லாம் மாட்டிக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். அப்பா காலரைத் திருப்பி விலைச் சீட்டைப் பார்த்தார். பிறகு பெரிய மனுஷத் தோரணையில், "கலர் சரியில்லையே" என்றார். கடைக்காரர் வேறு கலர் எடுத்தார், அதுவும் சரியில்லை. அடுக்கில் இருந்த அத்தனையும் இறங்கியது. எதுவும் சரியில்லை என்று சொல்லி அப்பாவே என் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெளியே வந்து காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு எல்லாக் கலரும் பிடிக்கும்" என்றேன். "வெல கட்டாதுன்னா அந்த வார்த்தை தானா வந்துருது. என்னால நிறுத்த முடியல."

இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏன் சொன்னோம் என்று எனக்கே கோபமாக வந்தது. பொய்யைப் போட வேண்டிய இடத்தில் இருந்த ஒரே நிஜத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அதை எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் மடிப்பதை நிறுத்தியிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஏங்க, இத எழுதிடாதீங்க" என்றாள்.

"எத?"

"எனக்குத் தெரியும்ங்க. உங்க பஸ்ஸுல படிக்கற அந்தத் தொடர, அக்கம்பக்கத்துல சொல்லி நானும் போன்ல படிச்சுக்கினுதான் வர்றன். பீரோவத் தொறந்து தொறந்து பாக்கறீங்க. வீட்டுக்கு வந்தாலும் போன்ல என்னமோ தட்டிக்கினே இருக்கீங்க. சேலைய நனைக்கறதப் பத்தி என்கிட்டயே கேக்கறீங்க. வெள்ளிக்கிழமையானா உங்க மூஞ்சே வேற மாதிரி ஆயிடுது. ஆஷாடத்துக்கும் ஆடிக்கும் நான் போறது உங்களத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

வீட்டில் நான் போனில் தட்டியதெல்லாம் ஷிப்ட் ரிப்போர்ட்.

"நான் வாங்கறன், மறைக்கறன், ஊரே சிரிக்கட்டும்னு உட்டுட்டன்" என்றாள். "அந்தப் புருஷனயும் கோமாளியாத்தான் எழுதியிருக்கீங்க, அதனால பெரிசா கோவமும் வரல. ஆனா மாமாவ வேணாங்க. அவரு பொத்தானக் கழட்டினத பஸ்ஸுல படிச்சுச் சிரிப்பாங்க."

"நான் எழுதலம்மா. சத்தியமா அது நான் இல்ல."

அவள் நம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்து நீவினாள்.

"சரிங்க, எழுதலன்னே இருக்கட்டும். மாமாவ மட்டும் உட்டுடுங்க."