வால் டீச்சர் போட்ட இரண்டு டிக்

சைக்கிள் கடையோடு சேர்த்து மாடி அறையையும் இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் டீச்சருக்கு முதலில் ஞாபகம் வந்தது கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை, இஸ்திரி அக்காதான். முப்பது வருஷத்தில் அந்த மரப்படியில் ஆயிரம் பேராவது ஏறி இறங்கியிருப்பார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஒருத்தியை மனசு பிடித்துக்கொண்டது. மனசுக்கு என்ன, கணக்கா வழக்கா.

வகுப்பை ஆரம்பித்தபோது அவளுக்கு வயது இருபத்து மூன்று. வேலை தேடி அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அப்பாவின் சிநேகிதரான சைக்கிள் கடைக்காரர், மேல் அறை சும்மாதான் கிடக்கிறது, யாருக்காவது ஏதாவது சொல்லிக்கொடு என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு, வேலை விட்டு வருகிறவர்களுக்கு ஆங்கிலம். வந்து சேர்ந்த எல்லாருமே அவளைவிட மூத்தவர்கள். லாரி டிரைவர், ஆபீஸ் வாட்ச்மேன், தையல்காரர், லிஃப்ட் ஆபரேட்டர், ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அக்கா. முதல் நாள் வாட்ச்மேன் அவளிடமே, டீச்சர் எப்போம்மா வருவாங்க என்று கேட்டார். நான்தான் டீச்சர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கையிலிருந்த சாக்பீசைத் தூக்கிக் காட்டினாள்.

புத்தகத்தில் இருந்ததெல்லாம் ராஜா சிங்கத்தைக் கொன்றான், சிங்கம் ராஜாவால் கொல்லப்பட்டது என்கிற ரகம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்களுக்குச் சிங்கம் செத்தால் என்ன, ராஜா செத்தால் என்ன. பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இன்றைக்கு உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள் என்றாள். வகுப்பு விழித்துக்கொண்டது.

ஏனென்றால் அவர்கள் வாழ்க்கையே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களாக ஒன்றைச் செய்வதைவிட, அவர்களுக்கு யாராவது ஒன்றைச் செய்வதுதான் அதிகம். நம் பேச்சில் யாரும் 'திட்டப்பட்டேன்' என்று சொல்வதில்லை. திட்டு வாங்கினேன் என்போம், பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வாங்கி வந்த மாதிரி. ஆங்கிலத்தில் அதற்கு 'ஐ வாஸ் டோல்ட் ஆஃப்'. கடைசியில் தொங்கும் அந்த 'ஆஃப்'தான் வால். வாலை விட்டுவிட்டு 'ஐ வாஸ் டோல்ட்' என்றால், யாரோ ஏதோ சொன்னார்கள் என்றுதான் ஆகும், வாங்கிய திட்டெல்லாம் வீண். வாக்கியத்தைத் திருப்பிப் போடும்போது எல்லாருமே வாலைத் தொலைத்தார்கள். "மாட்டை ஓட்டிட்டு வந்தா வாலும் கூடத்தானே வரணும்?" என்று கேட்டுக் கேட்டே அவளுக்கு வால் டீச்சர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கடைசிப் பத்து நிமிஷம் ஆளுக்கொரு சீட்டு. அன்றைக்குத் தனக்கு நடந்ததை ஒரே வாக்கியத்தில், வாலோடு எழுத வேண்டும். பொய் கூடாது. யார் செய்தது என்று சொல்லப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், இந்த மாதிரி வாக்கியத்தில் அந்த வசதி உண்டு. சரியாக இருந்தால் ஒரு டிக். பிரமாதம் என்றால் இரண்டு டிக், பலகையில் எழுதி எல்லாரும் கைதட்டுவார்கள்.

வாட்ச்மேன் தினமும் 'ஐ வாஸ் ஷவுட்டட் அட்' என்றே எழுதினார். யாரோ அவரிடம் கத்தியிருக்கிறார்கள். தினமும் அது உண்மை, தினமும் ஒரு டிக். லாரி டிரைவர் ஒருநாள் 'லாரி வாஸ் புரோக்கன் டவுன்' என்று எழுதினார். லாரி தானாகத்தானே நின்றுபோகும், யாரும் நிறுத்துவதில்லையே, அதனால் அதை இப்படித் திருப்பிப் போட முடியாது என்று விளக்கினாள். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"அதைத்தான் டீச்சர் எங்க முதலாளி நம்ப மாட்டேங்கிறாரு. தானா நின்னுச்சுன்னா, நீதான்டா நிறுத்தினேங்கிறாரு."

அன்று வகுப்பு சிரித்த சிரிப்பில் கீழே சைக்கிள் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் டீச்சருக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துபோகும். அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகள் நடந்தன, அந்த முதல் இரண்டு வருஷம் மாதிரி எதுவும் இல்லை.

இஸ்திரி அக்கா அதிகம் பேச மாட்டாள். நாற்பது வயசு இருக்கும், விரல்களில் சூடு பட்ட தழும்பு. சீட்டைக் கொடுத்தால் முதலில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துச் சுருக்கம் எடுப்பாள், பிறகுதான் எழுதுவாள். விரிப்புகளை எடுத்துப் போனார்கள், கரண்டை நிறுத்தினார்கள், இந்த மாதிரிதான் அவள் வாக்கியங்கள். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு நின்று, ஒருவர் நம்மை மட்டமாகப் பார்த்தால் ஆங்கிலத்தில் அதற்கு என்ன என்று கேட்டாள்.

டீச்சருக்கு ஒரே குஷி. அது இரட்டை வால். 'லுக் டவுன் ஆன்'. திருப்பிப் போட்டு, செய்த ஆளையும் சேர்த்தால் 'டவுன் ஆன் பை' என்று மூன்று குட்டிச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். மறுநாள் பலகையில் எழுதிக் காட்டினாள். இது வாலா ரயிலா என்று கேட்டார் டிரைவர். ஒரு வாரம் முட்டி மோதியும் ஒருவருக்கும் சரியாக வரவில்லை.

அடுத்த வாரம் இஸ்திரி அக்காவின் சீட்டில் அது வந்தது. 'ஐ ஆம் லுக்ட் டவுன் ஆன் பை மை ஓன் சன்.' டீச்சர் துள்ளிக் குதிக்காத குறை. பெரிதாக இரண்டு டிக் போட்டாள். ஓடிப்போய்ப் பலகையில் எழுதினாள். ஒரு வால்கூட விட்டுப்போகவில்லை, பாருங்கள், பாருங்கள் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். வாட்ச்மேன் எழுந்து நின்றே தட்டினார். அக்கா லேசாகச் சிரித்தாள், சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் அக்கா வரவில்லை. பலகையைத் துடைக்கப் போன டீச்சர் துணியும் கையுமாக நின்றுவிட்டாள். 'நான் பெற்ற மகனே என்னை மட்டமாகப் பார்க்கிறான்.' இப்போதுதான் அதைப் படித்தாள். நேற்று படித்தது வால்களை மட்டும். ஒரு தாயின் வயிற்றெரிச்சலைப் பலகையில் எழுதி, கூட்டம் சேர்த்துக் கைதட்ட வைத்திருக்கிறோம் என்று உறைத்ததும் அவளுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே தேடிப் போனாள். சலவை அறையின் ஆவிக்குள்ளிருந்து யாரோ, அந்தம்மா வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டாள், எதென்று தெரியாது என்றார்கள்.

அன்றோடு கைதட்டல் நின்றது. டிக் போடுவதற்கு முன்னால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினாள். பத்து நிமிஷம் அரை மணி ஆயிற்று. கடையைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று தையல்காரர் எழுதிய அன்றைக்கு, லிஃப்ட் ஆபரேட்டர் தன் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓரிடம் பார்த்துக் கொடுத்தார். அந்த வகுப்பில் ஆங்கிலமும் சொல்லித் தருவார்கள் என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். நல்ல டீச்சர் என்று பெயர் வந்தது. யாருடைய வயிற்றெரிச்சலில் வந்த பெயர் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த அக்காவிடம் ஒருதரம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்று இருபத்தெட்டு வருஷம் அவள் மனசு அடித்துக்கொண்டது.

இடிப்பதற்கு முந்தின சாயங்காலம் பழைய ஆட்கள் வந்தார்கள். வாட்ச்மேன் கைத்தடியோடு வந்தார், டிரைவர் பொக்கை வாயோடு வந்தார். பழைய கதைகளில் நேரம் போனது தெரியவில்லை. அப்போது படியில் யாரோ மெதுவாக, நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது. எழுபது வயசு அம்மாள் ஒருத்தி வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்து டீச்சருக்கு அடையாளம் தெரியவில்லை. சேலையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதில் ஒரு சுருக்கம் இல்லை. பஸ்ஸில் எதேச்சையாகப் பார்த்து, தான்தான் விஷயத்தைச் சொன்னதாக டிரைவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

டீச்சர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உங்க வாக்கியத்தைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கலை. எல்லாரையும் கை தட்ட வேற வெச்சேன். என்னை மன்னிச்சிருங்கக்கா. அதனாலதானே நின்னுட்டீங்க?"

அக்கா புரியாமல் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கை தட்டினது நல்லாத்தானே இருந்துச்சு? எனக்கு அதுக்கு முன்னாடி யார் தட்டினாங்க? நான் இங்கிலீஷ் படிக்கவா வந்தேன், டீச்சர்? என் பையன்கிட்ட அந்த ஒண்ணைச் சொல்றதுக்குத்தான் வந்தேன். தமிழ்ல சொன்னா காதுல வாங்க மாட்டான். வந்தேன், கத்துக்கிட்டேன், சொல்லிட்டேன். அப்புறம் எதுக்கு வரணும்?"

மகன் என்ன சொன்னான் என்று டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. சீட்டை வாங்கித் தப்பு தேடினான். திருப்பித் திருப்பித் தேடினான். நீங்கதான் ரெண்டு டிக் போட்டிருந்தீங்களே, எங்கிருந்து கிடைக்கும்? பத்து நாள் என் மூஞ்சியைப் பார்க்கலை. அப்புறம் ஒருநாள் அவன் கூடப் படிக்கிற பசங்க வீட்டுக்கு வந்தாங்க. எப்பவும் போல உள்ள போயிடலாம்னு எழுந்தேன். கையைப் பிடிச்சு நிறுத்தி, இது எங்கம்மான்னு சொன்னான். அதுவரைக்கும் வேலைக்கு வர்ற அம்மான்னு அவங்களை நினைக்க விட்டிருந்தான்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அவன்கிட்ட இருக்கு. இப்ப அவனுக்கே தலை நரைச்சாச்சு. கொடுடா, கிழிச்சுப் போட்டுடறேன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். தர மாட்டேங்கிறான், டீச்சர்."