தேசப்பன் கட்டிய பாட்டு, தனக்கோடி பாடிய பாட்டு

தனக்கோடி தன் வாழ்நாளில் ஒரு பாட்டும் சொந்தமாகக் கட்டியவள் இல்லை. கட்டச் சொன்னால் வாயடைத்துப் போவாள். ஆனால் அடுத்தவர் பாட்டு ஒன்று அவள் காதில் விழுந்துவிட்டால் போதும். காது வழியாகப் போனது வாய் வழியாக வெளியே வரும்போது, கட்டியவனுக்கே அடையாளம் தெரியாது. நடந்து போன பாட்டு ஓடி வரும். அழுதுகொண்டு போனது இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும்.

பழவேற்காட்டுக் கோட்டையின் மேல் உலாந்தாக்காரர் என்று ஊர் சொன்ன டச்சுக்காரரின் கொடி பறந்த காலம் அது. ஏரிக்கரையில் தோணிரேவு அவளுடைய ஊர். புருஷன் நீலமேகம் ஏரியில் வலை போடுகிறவன். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. அவனுக்கும் சேர்த்து இவள் சிரித்துவிடுவாள்.

சின்ன வயதிலேயே இந்தக் கூத்து தொடங்கிவிட்டது. தெருக்கோடியில் ஒரு பெரியவர் செத்துப்போனார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். தாவணி போட ஆரம்பித்திருந்த தனக்கோடியும் போய் நடுவில் உட்கார்ந்து, கண்ணீர் ஒழுக ஒழுகச் சேர்ந்து பாடினாள். கொஞ்ச நேரத்தில் மாரில் அடித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் தாளம் தட்டத் தொடங்கின. செத்தவரின் மருமகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திடுக்கிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தாள்.

அவளுடைய அப்பா அவளைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தார்.

"நைனா, நான் நெசமாத்தான் அழுதுகினு இருந்தேன்" என்றாள் தனக்கோடி.

"நீ அழுத. மத்தவங்க எல்லாம் ஆடிகினு இருந்தாங்களே, அதுக்கு இன்னா சொல்ற?"

அன்றிலிருந்து சாவு வீட்டுப் பக்கம் அவளை யாரும் விடுவதில்லை. கல்யாண வீட்டில் மட்டும் முதல் அழைப்பு அவளுக்குத்தான்.

முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த குப்பத்தில் தேசப்பன் என்று ஒருவன் இருந்தான். பாட்டுக் கட்டுவதில் அவனுக்கு ஈடு கிடையாது. சுற்று வட்டாரத்தில் எந்த ஊர் வலையை இழுத்தாலும் இழுக்கிறவர்கள் வாயில் தேசப்பனின் பாட்டுத்தான் இருக்கும். அந்தப் பெருமையில் அவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பான். அவன் பெண்டாட்டி செல்வம்மாள் ஒருநாள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டு, தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இருந்த தாய்வீட்டுக்குத் தோணி ஏறிப் போய்விட்டாள். சண்டை எதற்கென்று கேட்டால் தேசப்பன் கடலைப் பார்ப்பான். ஒரு பருவம் போயிற்று, இன்னொரு பருவமும் போயிற்று. அவள் வரவில்லை. தேசப்பன் ஒரு பாட்டுக் கட்டினான்.

"வாடக் காத்து வீசிப் போச்சு, வந்த கப்பல் திரும்பிப் போச்சு,
தெக்கே போன எந்தன் மயில் திரும்பி வரக் காணலியே.
பாய் கிழிஞ்சு தொங்குதடி, படகு கரையில் ஏங்குதடி,
தைக்க ஒரு கையும் இல்லே, தனிமரமா நிக்கிறேனே."

மாசி மகத்தன்று கடற்கரையில் கூடிய கூட்டத்துக்கு நடுவில் நின்று இதை அவன் பாடினான். ஒவ்வொரு வரியையும் இழுத்து, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி இழுத்துப் பாடினான். பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். கல்நெஞ்சுக்காரன் என்று பெயர் வாங்கிய வலைக்காரன் ஒருவன் எழுந்து போய்ப் படகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். தனக்கோடியும் கூட்டத்தில் இருந்தாள். அவளும் தேம்பினாள்.

வினை படகில் வீடு திரும்பும்போது வந்தது. நீலமேகம் கோலை ஊன்றித் தள்ளினான். கோல் விழும் தாளத்துக்கு அவள் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கியது. "பாய் கிழிஞ்சு தொங்குதடி" என்று பாடியவள், பதில் இல்லாமல் அந்த வரி அந்தரத்தில் நிற்பது பொறுக்காமல், "தொங்கட்டும், தொங்கட்டும்!" என்று தானே பதிலும் சொன்னாள். படகில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "படகு கரையில் ஏங்குதடி" என்றாள். "ஏங்கட்டும், ஏங்கட்டும்!" என்று இப்போது நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். "தைக்க ஒரு கையும் இல்லே" என்று தேசப்பனைப் போலவே மூக்கை உறிஞ்சி இழுத்துப் பாடிவிட்டு, சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"ரெண்டு கையும் இங்க கீது!
ஊசி கொண்டா, நூலு கொண்டா, ஓடியாடா மாமா!"

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீலமேகம் கோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பாதி ஏரி தாண்டுவதற்குள் அந்தப் பாட்டைப் பத்துத் தடவை பாடியாயிற்று. கடைசியில் "ஓடியாடா மாமா" என்ற இடத்தில் நீலமேகமும் வாயைத் திறந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பாடி அவள் கேட்டதே இல்லை. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது.

அப்புறம் அந்தப் பாட்டை யார் பிடித்து நிறுத்துவது? தோணிரேவில் இறால் பிரித்த பெண்கள் பாடினார்கள். அவர்களிடம் இறால் வாங்கப் பொன்னேரிப் பக்கமிருந்து வந்த உழவர் வீட்டுப் பெண்கள் நாற்று நடும் வயலுக்கு அதைக் கொண்டு போனார்கள். கப்பலுக்குச் சீலைப் பொதி ஏற்றும் படகோட்டிகள் அலையைத் தாண்டும்போது பாடினார்கள். கோட்டை வாசலில் காவல் நின்ற உலாந்தாச் சிப்பாய்கள், அர்த்தம் தெரியாமல், "தொங்கட்டும்" என்பதைத் "தொங்கத்தோ, தொங்கத்தோ" என்று சொல்லிக்கொண்டு பூட்ஸ் காலைத் தட்டினார்கள்.

தேசப்பன் காதுக்கு அது எட்டிய இடம்தான் பரிதாபம். சொந்தக் குப்பத்தில், சொந்த வலையை, சொந்த ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தான். பின்னால் இருந்தவன் ஒருவன் பழக்க தோஷத்தில் "தொங்கட்டும்!" என்று போட்டுவிட்டான். கயிறு பிடித்த அத்தனை பேரும் "தொங்கட்டும்!" என்றார்கள். வலை குடுகுடுவென்று கரைக்கு வந்து சேர்ந்தது. தேசப்பன் மட்டும் கயிற்றை விட்டுவிட்டு நின்றான்.

"எவன்டா என் பாட்டுல கை வெச்சவன்?"

"எவனும் இல்லண்ணா. தோணிரேவு தனக்கோடி" என்று ஒருவன் சொன்னான். "நீ கோச்சிக்காத. இத்த பாடினா வலை சீக்கிரம் வருது."

கடைசியில் சொன்ன அந்த வார்த்தைதான் தேசப்பனைக் குத்தியது. ஈர வேட்டியோடு படகைத் தள்ளிக்கொண்டு ஏரியைக் கடந்தான். தனக்கோடி கரையில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மே! பொண்டாட்டி போன துக்கத்துல ஒருத்தன் வயிறெரிஞ்சு கட்டின பாட்ட இப்பிடித்தான் கூத்தடிப்பியா?"

தனக்கோடிக்கு முகம் கறுத்துப் போயிற்று. "அண்ணா, உன் பாட்டு ரொம்ப நல்லா கீதுண்ணா. கேட்டு அழுதேன். சத்தியமா அழுதேன். ஆனா அந்த ஆளு கூப்டுகினே கீறான், ஒருத்தியும் பதில் சொல்ல மாட்டறா. எனக்கு மனசு கேக்கல. அதான் நான் சொல்லிட்டேன்."

"அவதான் பதில் சொல்லலியே! அதாம்மே பாட்டு!"

அவன் சொல்வது சரி என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் தேசப்பன் விடவில்லை. விஷயம் நாட்டார் முன்னால் போயிற்று. மீனவர் வழக்கையெல்லாம் தீர்த்து வைக்கிற பெரிய மனிதர் அவர். வலை அறுத்த வழக்கு, படகு மோதிய வழக்கு எல்லாம் பார்த்தவர். பாட்டு வழக்கு அவருக்கும் புதிது. இரண்டு ஊரும் அம்மன் கோயில் முன்னால் கூடிவிட்டது.

"ரெண்டு பேரும் பாடுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் நாட்டார்.

தேசப்பன் பாடினான். அன்றைக்குப் பாடியதுபோல் அவன் என்றைக்கும் பாடியதில்லை. தனக்கோடி, 'இவ்வளவு நல்ல பாட்டை நான் எதுக்குத் தொட்டேன்' என்று நினைத்தாள். அவள் முறை வந்தபோது, "எனக்கு வேணாம், அண்ணன் பாட்டே இருக்கட்டும்" என்று சொல்லத்தான் எழுந்தாள். எழுந்தவள் கை தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான். வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. "தொங்கட்டும்" என்ற இடத்தில் முன்வரிசை எழுந்தது, "ஏங்கட்டும்" என்ற இடத்தில் பின்வரிசை. "ரெண்டு கையும் இங்க கீது" என்றபோது, வழக்குத் தீர்க்க வந்த நாட்டார் மேல்துண்டு நழுவுவது தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். எல்லோரும் தேசப்பனைப் பார்த்தார்கள். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. அவனுடைய வலது கால் மட்டும் மணலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கவனித்த தேசப்பன், பிறத்தியார் காலை மிதிப்பதுபோல் தன் வலது காலை இடது காலால் மிதித்தான்.

நாட்டார் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "பாட்டு தேசப்பன் பாட்டு. அதுல சந்தேகம் இல்ல. தனக்கோடி, நீ அவன் குப்பத்துல காலு வெச்சா அத்தப் பாடக் கூடாது."

"சரிங்க" என்றாள். ஆனால் அவள் பாடாவிட்டால் என்ன? கூட்டம் கலைந்து போகும்போதே அத்தனை பேரும் பாடிக்கொண்டுதான் போனார்கள், குப்பத்துக்காரர்களையும் சேர்த்து.

தெற்கேயிருந்து அடிக்கும் சோழகக் காற்று வீசத் தொடங்கிய பருவத்தில் ஒரு நாள் அந்தக் காற்றோடு தோணி ஒன்று வந்தது. தோணி கரை தட்டுவதற்கு முன்பே ஒருத்தி இடுப்பளவு தண்ணீரில் குதித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையேறினாள். செல்வம்மாள்! தேசப்பனைப் பார்த்தும் பாராததுபோல் தாண்டிப் போனவள், நடுக்குப்பத்தில் நின்று கத்தினாள்.

"எவடி அவ? என் புருசன் பாயத் தைக்கறவ எவ?"

தேசப்பனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பொதி ஏற்றும் படகோட்டிகள் அந்தப் பாட்டைச் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கொண்டு போயிருந்தார்கள். "இது எங்க ஊர் தேசப்பன் பாட்டு" என்று பெருமையாக வேறு சொல்லியிருந்தார்கள். ரெண்டு கையும் இருக்கிறது, ஊசி கொண்டா, நூல் கொண்டா என்று ஒருத்தி தன் புருஷனைக் கூப்பிடுகிறாள் என்றால் எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்?

செல்வம்மாள் அதே வேகத்தில் தோணிரேவுக்குப் போனாள். பின்னாலேயே தேசப்பனும், அவன் பின்னால் பாதிக் குப்பமும். தனக்கோடி விஷயத்தைக் கேட்டாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை, மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்ய, அக்கா! அந்தக் கை என் கை இல்லக்கா. உன் கைதான். நீ பதில் சொல்லலன்னுதான் உனக்குப் பதிலா நான் சொன்னேன்."

செல்வம்மாள் அவளையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். "அப்ப, இன்னொருத்தி யாரும் இல்லியா?"

"சத்தியமா இல்ல" என்றான் தேசப்பன். பிறகு மெதுவாக, "நான் கட்டின பாட்டு உங்க ஊருக்கு வரலியா? அழுதுகினே பாடுவேனே..." என்று கேட்டான்.

"வந்துச்சு. அதையும்தான் பாடினாங்க. நல்லா அழட்டும்னு நான் கம்முனு இருந்துட்டேன்."

கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் ஏரிக்கரை நாரைகளெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பறந்து போயின. தேசப்பனும் சிரித்தான். பாட்டில் தோற்றதற்கா, பெண்டாட்டி வந்ததற்கா என்று அவனுக்கே தெரியாது. "பாடு, தனக்கோடி. எங்க குப்பத்துலயும் வந்து பாடு. நாட்டாராண்ட நான் சொல்லிக்கறேன்" என்றான்.

அதற்குப் பின் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டாயிற்று. அடுத்த வருஷம் கோட்டையில் உலாந்தா அதிகாரி ஒருவருக்குக் கல்யாணம். விருந்துக்கு நண்டும் இறாலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தனக்கோடியும் செல்வம்மாளும் புருஷன்மாரோடு படித்துறையில் நின்றார்கள். சாயங்கால வெயில் ஏரியில் பளபளத்தது. கோட்டை மதில் மேல் எக்காளக்காரன் ஒருவன் வந்து நின்று வாத்தியத்தை வாயில் வைத்தான்.

முதல் வீச்சிலேயே தனக்கோடிக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. அவளுடைய "தொங்கட்டும்" அது. ஆனால் அவளுடையது இல்லை. சொல் இல்லை, ஊசி இல்லை, நூல் இல்லை. அவள் தட்டித் தட்டி ஓடவிட்ட இடத்தை அவன் ஒரே மூச்சில் வானத்துக்குத் தூக்கினான். அங்கேயே கொஞ்சம் சுற்றவிட்டான். பிறகு தண்ணீரில் பட்டும் படாமலும் இறக்கினான். எதிர்க்கரையிலிருந்து அது திரும்பி வந்தது. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். நெஞ்சில் ஏதோ சுருக்கென்று தைத்தது. அதே இடத்தில் ஏதோ குதிக்கவும் செய்தது.

தேசப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். "இன்னா தனக்கோடி, இப்ப தெரியுதா எப்பிடி இருக்கும்னு?"

"தெரியுதுண்ணா. வயிறு எரியுது" என்றாள். அடுத்த நொடி அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஆனா கேளேன், கேளேன்! அங்க மேல போய்ச் சுத்துது பாரு! எனக்கு ஏன் இது தோணல?"

மதிலுக்கு நேர் கீழே ஓடிப்போய் நின்று, தலையை அண்ணாந்து, "இன்னொரு தபா ஊது, சாமி!" என்று கத்தினாள். அவள் யார் என்று எக்காளக்காரனுக்குத் தெரியாது. பாஷையும் தெரியாது. ஆனால் கையைத் தூக்கி ஆடுகிறவளைப் பார்த்தால் என்ன கேட்கிறாள் என்று யாருக்கும் தெரியும். தொப்பியைக் கழற்றி ஆட்டிவிட்டு, மறுபடியும் ஊதினான்.

வீடு திரும்பும்போது அவள் கன்னத்தை உப்ப வைத்து எக்காளம் ஊதினாள். "பப்பாப் பாம், பப்பாப் பாம்!" செல்வம்மாள் மூக்கால் ஊதினாள். தேசப்பன் அந்தச் சுற்றும் இடத்தைப் பிடிக்கப் பார்த்து, மூச்சு தீர்ந்து இருமினான். நீலமேகம் கோலைப் படகுக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து ஊதிய ஊதலில் படகு தன் பாட்டுக்கு முகத்துவாரத்தைப் பார்த்துப் போகத் தொடங்கியது. "கோல எடு, கோல எடு!" என்று மூன்று பேரும் ஒரே தாளத்தில் கத்தினார்கள்.