பாலத்துக்கு முதலில் கையெழுத்துப் போட்டவர்

திற்பரப்புக்குக் கீழே ஆற்றின் மேல் ஒரு சிறிய பாலம் கட்டும் வேலை, நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது என் பொறுப்பில் வந்தது. பாலத்தில் ஏறும் சாலைக்கு ஏழு வீட்டுக்காரர்கள் நிலம் தர வேண்டும். யாரும் பிடிகொடுக்கவில்லை. முதலில் சம்மதித்தவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர். போக வேண்டியது அவர் வீட்டு முன்னறை. அதில்தான் அவர் மனைவி தையல்கடை வைத்திருந்தார்.

“எவ்வளவு நாளாவும் சாரே?” என்று அந்த அம்மா கேட்டார்.

ஒரு வருஷம் என்றேன். பொய் இல்லை, நம்பித்தான் சொன்னேன்.

மறுவாரமே கணவர் முன்னறையைத் தன் கையாலேயே இடித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் கோர்ட்டுக்குப் போனார். அவர் பட்டாவில் அளவு தவறாக இருந்தது, அவர் பக்கமும் நியாயம் உண்டு. வழக்கு முடிவதற்குள், பழைய விலைக்குக் கட்டுபடியாகாது என்று ஒப்பந்தக்காரர் விலகிவிட்டார். மின்கம்பத்தை மாற்ற ஒரு துறை, குடிநீர்க் குழாயை மாற்ற வேறொரு துறை. மற்றவர் முடித்தால்தான் நாங்கள் தொடங்க முடியும் என்று இரண்டும் எழுதின. இடையில் ஒரு மழைக்கு வெள்ளம் நாங்கள் கணக்கிட்டதைத் தாண்டி ஏறியது. பாலத்தை உயர்த்தச் சொல்லி வரைபடம் திரும்பி வந்தது. யாரும் சோம்பேறி அல்ல, யாரும் லஞ்சத்துக்குக் கைநீட்டவும் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள்.

முன்னறை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் தொங்கியது. தையல் மிஷின் அடுக்களைக்குப் போனதும் துணி கொண்டுவருபவர்கள் குறைந்தார்கள். அந்தத் தொழிலாளி ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. ஒரே ஒரு முறை, “நான் அவசரப்பட்டு இடிச்சுப்போட்டேனோ சாரே?” என்றார். நான் வரைபடத்தைச் சுருட்டினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தவிர்த்து வேறு வழியாக வேலையிடத்துக்குப் போனேன்.

எனக்கு இடமாற்றம் வந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகுதான் பாலம் திறந்தது. பார்க்கப் போனேன். பாலத்தோடு சாலையும் உயர்ந்து, அந்த வீடு பள்ளத்துக்குள் கிடந்தது. கணவர் முந்தின வருஷம் இறந்திருந்தார்.

“அவரு இருக்கும்போ முடிஞ்சிருந்தா ஒருக்கா நடந்து பாத்திருப்பாரு,” என்றார் அந்த அம்மா.

மழை பெய்தால் சாலைத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள் வருகிறதாம். தண்ணீர் வடிய ஓரமாக ஓடை கட்ட யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மனுவை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் நானே அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் பழைய மேசையில் இருந்த இளம்பெண் மரியாதையாக எழுந்து நின்று வாங்கினாள். படித்துவிட்டு, ஓடை எங்கள் துறை இல்லை, பஞ்சாயத்தில் கேளுங்கள் என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.